கேளிக்கைக்கு நேரம் எடுத்து வைப்பது எப்படி? டெல்டாக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." கல்லணையிலிருந்து கோடியக்கரை வரைக்கும் எந்த வீட்டில் நுழைந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழும். ஆனால் காவிரி டெல்டாவில் வேலை எப்போது முடிகிறது? மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை நெல். குறுவையை அறுப்பதற்குள் சம்பாவுக்கு நாற்று விட வேண்டும். சில வயல்களில் குறுவைக்குப் பின் தாளடி நெல். தை மாசியில் சம்பா அறுப்பதற்கு முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறோம். நிலம் இல்லாதவர்களுக்கும் ஓய்வு கிடையாது. கடை, பஸ் பிடிப்பது, நூறு நாள் வேலை, குழுக் கடன் தவணை, பிள்ளைகளின் டியூஷன் என்று ஏதாவது ஒன்று முன்னால் நிற்கும்.

சிரிப்பும் விளையாட்டும் மிச்ச நேரத்துக்கானவை அல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அறுவடை ஆனதும் விதைநெல்லை முதலில் பிரித்து, வைக்கோலால் கோட்டையாகக் கட்டி வைக்கிறோம். சாப்பிட்டு மிஞ்சினால் விதைக்கு என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. கேளிக்கைக்கான நேரத்தையும் அப்படித்தான் எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது, யாரோடு செலவழிப்பது என்பதைக் கீழே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

இது தேவையா, ஆடம்பரமா?

அமெரிக்க மனநல மருத்துவர் வில்லியம் கிளாஸர் (1925–2013) மனிதருக்குப் பிறவியிலேயே ஐந்து அடிப்படைத் தேவைகள் உண்டு என்றார். உயிர் பிழைத்திருப்பது, அன்பும் உறவும், 'என்னால் முடியும்' என்கிற மதிப்பு, சுதந்திரம், ஐந்தாவதாகக் கேளிக்கை. நாம் எதையாவது கற்றுக்கொள்ளும்போது இயற்கை நமக்குக் கொடுக்கிற பரிசுதான் கேளிக்கை என்பது அவர் கருத்து. இதைப் படித்துறையிலேயே பார்க்கலாம். நீச்சல் பழகுகிற பிள்ளை, பிடித்திருந்த கையை விட்டும் மிதக்கிறோம் என்று தெரிந்த நொடியில் எப்படிக் கத்திச் சிரிக்கிறது!

ஜாக் பேங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார். மனிதக் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் அவை சிரிப்பைப் போன்ற ஒலி எழுப்பின. விளையாட விடாமல் தனியாக வைத்திருந்த குட்டிகளை மறுபடி ஒன்றாக விட்டால், விட்டுப்போனதையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி கூடுதலாக விளையாடின. குறைந்துபோனால் உடம்பே கேட்டு வாங்குகிறது என்றால் அதைத் தேவை என்றுதானே சொல்ல வேண்டும்?

சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல் சுமார் 30 மடங்கு நாம் பிறரோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று கண்டார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பாரும் அவர் குழுவினரும், வயிறு குலுங்கச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியதைச் சோதனையில் பார்த்தார்கள். அதற்கு மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் காரணம் என்பது அவர்கள் விளக்கம். நாற்று நட்டு இடுப்பொடிந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிண்டலடித்துச் சிரிப்பதை வெட்டிப்பேச்சு என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். அது வலிக்கு மருந்து.

நம் பக்கமும் இதற்குப் பழைய சாட்சி உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: செல்வம், அறிவு, காதலர் சேர்க்கை, விளையாட்டு. காசு பணத்தோடு விளையாட்டையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

முன்பு அது வேலைக்குள்ளேயே இருந்தது

குலவை போட்டுத்தான் நடவு தொடங்கும். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டில் பண்ணையாரின் கஞ்சத்தனம் வரும், மாமியாரின் வாய் வரும், வரப்பில் குடை பிடித்து நிற்கிற காரியக்காரரின் நடையும் வரும். அவர் காதில் விழ வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கப் பாடுவார்கள். பாட்டு என்பதால் அவரால் கோபப்படவும் முடியாது. களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்தவர்கள் பின்னிரவு வரைக்கும் கதை சொல்வார்கள். கேளிக்கைக்கு என்று தனியாக யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சேற்றில் குனிந்தவர்களுக்குக் கிடைத்த கூலி சொற்பம். திண்ணையில் சாய்ந்து சீட்டாடும் நேரம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. இப்போது நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. நேரடி விதைப்பு பெருகியிருக்கிறது. பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து நட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நம் பெண்களின் முதுகு தப்பித்தது, நல்லது. ஆனால் பாட்டும் சேர்ந்து கரையேறிவிட்டது, அந்த இடத்தில் நாம் வேறு எதையும் வைக்கவில்லை. தானாக நடந்துகொண்டிருந்ததை இன்று திட்டம் போட்டுச் செய்யச் சொல்வது இதனால்தான்.

படி 1: ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

பழைய நோட்டு ஒன்று போதும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். இரவு படுக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இன்று எப்போது சிரித்தேன்? கூட யார் இருந்தார்கள்? அந்த நேரம் கையில் என்ன இருந்தது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கையில் போன் இருந்ததா, கரண்டி இருந்ததா, பேரப்பிள்ளை இருந்ததா என்று பார்த்தால் உங்கள் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். போனில் வீடியோ பார்த்திருந்தால் கூடவே ஒரு வார்த்தை எழுதுங்கள்: பார்த்து முடித்ததும் மனசு லேசானதா, மந்தமானதா? பொழுது போவதும் பொழுது இனிப்பதும் வேறு வேறு என்பதை இந்த ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கும்.

ஒரு வாரம் கழித்து எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அம்மாவின் பக்கம்தான் காலியாக இருக்கும். இல்லையென்றால் "பிள்ளைகள் சிரித்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று இருக்கும். முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

படி 2: பத்து வயதில் என்ன விளையாடினீர்கள்?

புறநானூற்றில் ஒரு கிழவர் வருகிறார். பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கு நடுவே பேசுகிறார். நீர்த்துறையை ஒட்டித் தாழ்ந்து வளைந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க, ஆழமான மடுவில் தொபுக்கென்று குதித்து, அடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த தன் சிறு வயதை நினைக்கிறார். மருதமும் மடுவும் நம்முடையவை என்பதால் அந்தப் பாட்டு எனக்குப் பக்கத்து ஊர்ப் பெரியவர் பேச்சாகவே கேட்கும். அவர் குதித்ததை மட்டும் சொல்லவில்லை, மணல் அள்ளி வந்ததையும் சொல்கிறார். நிரூபித்துக் காட்டுவதில்தான் அவருக்கு ருசி இருந்திருக்கிறது.

உங்கள் விளையாட்டையும் இப்படித் துருவிப் பாருங்கள். கிட்டிப்புள், கபடி, பம்பரம், கோலி, பாண்டி, சொட்டாங்கல், தாயம், தட்டாமாலை, பள்ளிக்கூட நாடகம். எது பிடித்தது என்பதோடு ஏன் பிடித்தது என்றும் கேளுங்கள். ஜெயிப்பதா? உடம்பை வருத்தி ஆடுவதா? நாலு பேர் கூடுவதா? கையால் ஏதாவது செய்வதா? மற்றவர்களைச் சிரிக்க வைப்பதா? மரத்துக்கு மரம் தாவியவரைத் தாயக் கட்டத்தின் முன் உட்கார வைத்தால் கொட்டாவிதான் விடுவார். அவருக்குச் சைக்கிளோ ஷட்டில் மட்டையோ வேண்டும். சொட்டாங்கல் ஆடிய விரல்களுக்குப் புள்ளிக் கோலமும் பூக்கட்டும் போட்டியும் பொருந்தும். அப்பாயி, தாத்தாவிடமும் கேளுங்கள். "எங்களுக்கு ஏதுப்பா விளையாட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் வண்டி வண்டியாக வரும்.

படி 3: முதலில் எடுத்து வையுங்கள்

மூன்று அளவில் எடுத்து வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தினமும் இருபது நிமிடம். காலையில் முடியாது, விட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கும் இடையிலோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ வைத்துக்கொள்ளலாம். நேரத்தை வீட்டார் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பெண்களுக்கு இது மிக முக்கியம். சொல்லாமல் உட்கார்ந்தால் "சும்மாதானே இருக்கே, ஒரு டீ போடேன்" என்று குரல் வந்துவிடும். அந்த இருபது நிமிடத்தில் டீ போடுவது வேறொருவர் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட வேண்டும்.

வாரத்தில் ஒரு மாலை. வீட்டுக்கு வெளியே, குறைந்தது இன்னொரு குடும்பத்தோடு.

பருவத்துக்கு ஒரு நாள். இதைப் பயிர்க் கணக்கோடு சேர்த்துப் போட்டால்தான் தவறாது. ஆடிப்பெருக்கு குறுவை வேலைக்கும் சம்பா வேலைக்கும் நடுவே வருகிறது. பிள்ளைகளுக்குச் சிறு சப்பரம் வாங்கிக் கொடுங்கள், தெருவில் இழுத்துப் போகட்டும். காப்பரிசியும் சித்ரான்னமும் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனால், கும்பிட்ட கையோடு கிளம்பிவிடாமல் பொழுது சாயும் வரை இருந்துவிட்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வீட்டுக்குள் தள்ளிவிடும். அது தாயத்துக்கும் கதைக்கும் விடுகதைக்குமான காலம். கரண்ட் போனால் இன்னும் வசதி. தையில் காணும் பொங்கலுக்குக் கல்லணை, பூம்புகார், மனோரா என்று எங்காவது போய் வரலாம். அதே குளிர்காலத்தில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும். காவிரிக் கரையில் பந்தல் போட்டு, நாள் முழுக்கக் கச்சேரி, காசு கேட்க மாட்டார்கள். ராகம் தெரியாவிட்டால் என்ன, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பதே ஒரு சுகம். உளுந்து எடுத்த பிறகு வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசி முழுக்கப் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்குச் சொந்தம். பெரியவர்களும் மட்டை பிடிக்கலாம், வயல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

இந்த இடத்தில் எல்லாருக்கும் வருகிற சங்கடம் ஒன்று உண்டு. "இன்னிக்கு மூடு இல்ல." மூடு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. பீட்டர் லூயின்ஸன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இன்பம் தரும் செயல்களைப் பட்டியலிட்டு, நாள் குறித்துச் செய்ய வைக்கும் சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தார். செயலை முதலில் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பதே அந்த முறையின் அடிப்படை. எனவே நேரம் வந்ததும் எழுந்து போய்க் காயை உருட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆன பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடலாம்.

படி 4: இருக்கிற கூட்டத்தைப் பயன்படுத்துங்கள்

புதிதாக மன்றம், சங்கம் என்று ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்தால் தலைவர் யார் என்பதிலேயே பாதி ஊர் பேசாமல் போய்விடும்.

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது. தவணைக் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் கலையாமல் இருங்கள். ஒரு நாள் பல்லாங்குழி, ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் வெறும் அரட்டை. கணக்குப் பார்க்க வெளியே போவதற்கு வீட்டில் யாரும் தடை சொல்வதில்லை என்பதால், வெளியே வரவே கூச்சப்படும் இளம் மருமகள்களுக்கு இது நல்ல வாசல்.

ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது, ஆனால் அங்கே அரசியல் பேசிப் பேசிச் சண்டையில் முடிகிறது. நெல் கொள்முதல் நிலையம் இன்னும் நல்ல இடம் என்பேன். மூட்டைக்கு முறை வர நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறோம். செங்கல் துண்டால் களத்துத் தரையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கிழித்துவிடலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். புலிக்குக் கருங்கல் ஜல்லி, ஆட்டுக்கு வேப்பங்கொட்டை. ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்பிவிடுவார்களோ என்று நெஞ்சு படபடக்கும் நேரத்தில் மனசைப் பிடித்து நிறுத்த இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 5: ஒரு விளையாட்டையாவது முழுசாகக் கற்றுக்கொடுங்கள்

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பரணில் பழைய பலகை இருந்தால் தட்டி இறக்குங்கள். இல்லையென்றால் வாசலில் ஈர மண்ணை அழுத்தி ஏழு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழிகள் போடுங்கள். வரிசைக்கு ஓர் ஆள், எதிரெதிரே. காய்க்குப் புளியங்கொட்டை அல்லது சோழி. குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் கடும் விஷம் உண்டு. சின்னப் பிள்ளை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எனவே அது வேண்டவே வேண்டாம்.

குழிக்கு ஐந்து காய் போட்டால் மொத்தம் 70 காய். உங்கள் பக்கத்துக் குழி ஒன்றைக் காலி செய்து, கையிலுள்ள காய்களை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் வரிசை முடிந்தால் எதிர் வரிசையிலும் தொடர வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியிலுள்ளதை அள்ளி மறுபடி தொடருங்கள். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் உங்கள் வருமானம். அத்துடன் ஆட்டம் எதிராளிக்குப் போகும். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவர் சட்டென்று எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் போச்சு. காய்கள் தீர்ந்ததும் அவரவர் ஜெயித்ததைக் கொண்டு குழிகளை மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழிகளை மூடிவிட்டு அடுத்த ஆட்டம். ஊருக்கு ஊர் சட்டம் கொஞ்சம் மாறும். உங்கள் அப்பாயி சொல்கிற சட்டமே உங்கள் வீட்டுச் சட்டம்.

தெருவில் இரண்டு பேர் ஆடுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். துடைக்கும் விரல் குழியில் ஒரு முறைக்கு இரண்டு முறை வட்டமடிக்கும். அடுத்த குழியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தும் தெரியாதது போன்ற ஒரு முகம். "எடு எடு, எல்லாம் ஒனக்குத்தான்" என்று எதிரே இருப்பவள் முணுமுணுப்பாள். எண்ணத் தெரியாத பிள்ளை இதில் எண்ணக் கற்கிறது, கை நடுங்கும் கிழவிக்கு விரல் பழகுகிறது. அதற்காக ஆடச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறது, அதற்காக ஆடலாம்.

படி 6: தண்ணீரில் இறங்கும்போது

டெல்டாவில் கேளிக்கை என்றால் ஆறும் வாய்க்காலும் குளமும்தான். இங்கே மட்டும் நான் கறாராகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளைத் தண்ணீரில் இழக்கிறோம்.

புதுத் தண்ணீர் வரும் நாட்களில் இறங்க வேண்டாம். இழுப்பு எவ்வளவு என்று கரையில் நின்றால் தெரியாது. மதகு, தடுப்பணை, கதவணை ஆகியவற்றின் கீழ்ப்பக்கம் சுழல் இருக்கும், அங்கே குளிக்கவே கூடாது. மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் ஆழக் குழி இருக்கலாம். கொள்ளிடத்தில் இது மிகுதி. ஊரார் தினமும் குளிக்கிற படித்துறையே பாதுகாப்பு. குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. பிள்ளைகள் குளிக்கும்போது நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், போனை மடியில் கட்டிவிட்டு, கண்ணெடுக்காமல் கரையில் நிற்க வேண்டும்.

யாராவது தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிக்கவே கூடாது. சேலை, வேட்டி, கயிறு, மூடியிட்ட காலிக் கேன் என்று கைக்கு வந்ததைத் தூக்கி எறியுங்கள், கத்திக் கூப்பிடுங்கள், 108-க்கு அழையுங்கள்.

நீச்சல் பழக்குவதற்குக் கோடைதான் காலம். ஓட்டமில்லாத குளம், இடுப்பளவு தண்ணீர், இரண்டு வாழைமரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. பெண் பிள்ளைகளுக்கும் கட்டாயம் பழக்குங்கள். எந்த வயதில் நிறுத்தச் சொல்வது என்ற பேச்சே வேண்டாம்.

படி 7: கேலிக்கு ஒரு வரம்பு

மாமன் மச்சான், அத்தான் கொழுந்தி, நாத்தனார் அண்ணி என்று கேலி செய்வதற்கென்றே உறவுகளை வைத்திருக்கிறோம். "என்ன மச்சான், மாமியார் வீட்டுச் சோறு சட்டை பொத்தானைத் தெறிக்க விட்டுருச்சு போல?" என்றால் அவரும் சேர்ந்து சிரிப்பார். இது நம் ஊரின் செல்வம்.

கேலிக்கு ஆளானவரும் சிரிக்கிறாரா என்று பாருங்கள். அது ஒன்றே போதுமான சோதனை. சாதி, நிறம், உடற்குறை, குழந்தையில்லாதது, கடன் ஆகிய ஐந்தையும் வைத்துச் சிரித்தால் அது ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து அடிப்பதுதான். கல்யாண வீட்டில் அப்படி ஒரு பேச்சு எழுந்தால் பேச்சை மாற்றுகிற முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

காசும் பாட்டிலும்

காசு வைத்தால் விளையாட்டு போய்விடும். ரம்மியில் தோற்றவன் அடுத்த ஆட்டத்தை ஆசையில் ஆடவில்லை, விட்டதைப் பிடிக்க ஆடுகிறான். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. அப்படியும் குறுக்கு வழியில் வருகிறவற்றைப் பிள்ளைகளின் போனில் கவனியுங்கள். குடியைப் பற்றி ஒரு வரி போதும். பாட்டில் இல்லாமல் சிரிக்க முடியாத கூட்டம் உங்களுக்கு நண்பர் கூட்டமா என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு

ஓய்வும் விளையாட்டும் குழந்தைகளின் உரிமை என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட அந்த உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. ஆனால் பத்தாம் வகுப்பு வந்தவுடன் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமையை டியூஷன் விழுங்குகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து "பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்க சார்" என்று கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. விளையாட்டைச் சொல்லிக்கொடுத்த பிறகு விலகிவிடுங்கள். சட்டத்தை அவர்கள் மாற்றட்டும், சண்டை போடட்டும், அவர்களே சமாதானமும் ஆகட்டும். நடுவர் வேலை நமக்கு வேண்டாம்.

கடல் தாண்டி இருப்பவர்களோடு

இங்கே வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். வீடியோ அழைப்பில் பேசுவது பெரும்பாலும் பணம், நகை மீட்பது, யார் வீட்டுச் சீர் எவ்வளவு. வாரத்தில் ஓர் அழைப்பை இதிலிருந்து விலக்கி வையுங்கள். அப்பா அங்கிருந்து விடுகதை போடட்டும். "வெள்ளைக் குதிரைக்குப் பச்சை வால், என்ன?" முள்ளங்கி என்று பிள்ளை கத்துவதற்குள் அம்மா சொல்லிவிட்டால் அதற்கு ஒரு சண்டை நடக்கும். தாயமும் ஆடலாம். கட்டம் இங்கே இருக்கட்டும், அவருக்காகப் பிள்ளை கட்டையை உருட்டட்டும், எந்தக் காயை நகர்த்துவது என்று அவர் சொல்லட்டும். எட்டுப் பேர் படுக்கும் அறையில் தனியாகப் போனைப் பார்த்துக் கிடக்கிற மனுஷனுக்கு "நாளைக்கு என் காய் சுற்றி முடிச்சுப் பழமாகணும்" என்று நினைக்க ஒன்று கிடைக்கும்.

எதிலும் ருசி இல்லை என்றால்

துக்க வீட்டில் யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டாம். காலம் ஆகும். ஆனாலும் பதினாறாம் நாள் கழிந்த பிறகு பழைய கதைகளைப் பேச ஆரம்பித்து, இறந்தவர் செய்த குறும்பு நினைவுக்கு வந்து யாராவது சிரித்துவிட்டால், அதைத் தப்பு என்று அடக்காதீர்கள்.

வேறொரு நிலையும் உண்டு. முன்பு ஆசையாகச் செய்ததெல்லாம் சலிப்பாகி, இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போய் ஒருவர் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று ஏசுவதும், "வா, ஜாலியா இருப்போம்" என்று இழுப்பதும் பயன் தராது. டெலி மானஸ் எண்ணான 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இலவசம், நாள் முழுக்க இயங்கும், தமிழிலேயே பேசலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சாகலாம் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள், ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்போதே அப்புறப்படுத்துங்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு இந்த வழிகாட்டியின் படிகளை அவருக்கும் பயன்படுத்தலாம், மிகச் சிறிய அளவில். முதல் வாரத்தில் டீக்கடை வரை நடந்துபோய் வருவது மட்டும். அடுத்த வாரம் திண்ணையில் மற்றவர்கள் ஆடும்போது பக்கத்தில் உட்காருவது. ஆடச் சொல்லிக் கேட்க வேண்டாம். புளியங்கொட்டை டப்பாவை மட்டும் அவர் பக்கமாக வையுங்கள்.